மொரிஸ் மைனர் கதவு ஒரு பக்கம் இடிக்குது, மறு பக்கம் இளிக்குது: எங்கே கை வைப்பது?

என்னுடையது 1958ஆம் ஆண்டு நாலு கதவு மொரிஸ் மைனர் 1000. திருகோணமலை உப்புவெளியில் அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில், ஓலைக் கொட்டில் ஒன்றுக்குள் வருடக்கணக்காகக் கிடந்ததை வாங்கினேன். வெளியே பெயின்ட் பரவாயில்லை. சாவியால் கீழ்ப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தபோதுதான் பிஸ்கட் உடைகிற சத்தம் வந்தது. கடலோரத்தில் கிடந்த காருக்குக் கறள் உள்ளிருந்துதான் வெளியே வரும்.

இடது முன் கதவு நடுத் தூணில் மேல் மூலையை உரசியது. அதே கதவின் கீழ் மூலையில் விரலே போகும். இரண்டு சனி ஞாயிறு கதவுப் பிணைச்சலைக் (கீலைக்) கழற்றுவதும் பூட்டுவதுமாகப் போயின. கடைசியில் பாலையூற்றில் இருந்து ஒரு டிங்கர் பாஸை, அதாவது பாடித் தகர வேலைக்காரரை, கூட்டி வந்தேன். அவர் கதவைத் தொடவே இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் குந்தி, காருக்குக் கீழே எட்டிப் பார்த்தார். "தம்பி, கதவை விடுங்கோ. அது பாவம், இருக்கிற இடத்தைத்தான் காட்டுது. கீழ என்ன நடந்திருக்கெண்டு பாருங்கோ" என்றார்.

இதற்குக் கீழே எழுதுகிற எல்லாமே அந்த ஒரு பேச்சின் விரிவுதான். கோணல் தெரிகிற இடத்தில் பிழை இருப்பது குறைவு. மைனருக்குத் தனிச் செசி, அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த நாளிலிருந்தே கூரை, தூண்கள், தரை, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரப் பெட்டி (கீழ்ப்பெட்டி) எல்லாம் சேர்ந்துதான் செசி. செசி தனியாக உள்ள பழைய ஜீப் என்றால் பாடிக்கும் செசிக்கும் நடுவில் வாசர் வைத்துச் சமாளிக்கலாம். இதில் அந்த வழி இல்லை. கீழே ஓரிடம் இறங்கினால் மேலே இரண்டு இடம் கோணும்.

ஸ்பானரை எடுக்க முதல்

கார் நிற்கிற தரை மட்டமாக இருக்க வேண்டும். திருகோணமலையில் பாதி வளவு மணல், அதை நம்பவே கூடாது. நான் நான்கு சில்லுகளுக்கும் கீழே பழைய தரை ஓடுகளை அடுக்கி, மேசன்மார் பிடிக்கிற மாதிரி தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தேன். முன்பக்க ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி, அதாவது டோர்ஷன் பார், ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் கார் சரிந்து நிற்கும். அதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். பார்களைக் கழற்றினால் இடது வலது அடையாளம் போட்டு வைக்க வேண்டும், ஓடிய பாரை மறுபக்கம் மாற்றிப் போடக்கூடாது.

எஞ்சின், கியர் பெட்டி, கதவுக் கண்ணாடி எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும். வெறும் கூட்டில் அழகாக வந்த இடைவெளி, எஞ்சினை இறக்கியதும் மாறும். கண்ணாடியும் ஏற்றி இறக்கும் சாமானும் இல்லாத கதவு காற்றாடி மாதிரி இலேசு. அதை வைத்துச் சரி பார்த்தால் பிறகு தொங்கும்.

அளவெடுக்க விலையான கருவி எதுவும் வேண்டாம். இடைவெளிக்குள் செருகிப் பார்க்கக் காலாவதியான வங்கி அட்டைகள் போதும். ஓர் அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீட்டர், ஆறு சேர்த்தால் ஏறக்குறைய 4.5. நான் 4 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளியைக் குறியாக வைக்கிறேன். வெறும் தகரத்தில் அரை மில்லிமீட்டர் கூடுதலாகவே விடுங்கள். ஓரத்தில் பிரைமரும் பெயின்டும் ஏறும்போது அது நிரம்பிவிடும். இதைவிட இறுக்கமாக வைக்க ஆசைப்பட வேண்டாம், மைனர் தொழிற்சாலையில் இருந்து வந்தபோதே அவ்வளவு நுணுக்கமான கார் இல்லை.

அளவு எடுப்பது காலை ஏழு மணிக்கு. ஒரு மீட்டர் இரும்புத் தகடு 30 பாகை சூடேறினால் மூன்றில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். மத்தியான வெயிலில் பொனட்டைத் தொடக்கூட முடியாத ஊரில் பன்னிரண்டு மணிக்கு எடுத்த அளவும் மாலை எடுத்த அளவும் ஒத்துப்போகாது. ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டால் இன்னும் மோசம்.

எல்லா இடைவெளியையும் ஒரு கொப்பியில் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கதவுக்கு எட்டு இடம். பிறகு சண்டை வராது.

அறிகுறி: கதவின் பின் ஓரம் மேலே இடிக்கிறது, கீழே அகலமாக இருக்கிறது

இதுதான் மைனரில் அதிகம் வருவது, ஆட்களை அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். ஏனென்றால் இரண்டு வெவ்வேறு நோய்க்கு ஒரே முகம். பிணைச்சல் தேய்ந்தாலும் இப்படித்தான் தெரியும், பாடி நடுவில் தொய்ந்தாலும் இப்படித்தான் தெரியும்.

பிரித்தறிய முதலில் கதவின் முன் ஓரத்தைப் பாருங்கள். மேல் பிணைச்சல் தேய்ந்திருந்தால் கதவு முழுதாகவே பின்னால் சாயும். அப்போது முன் ஓரத்தில், மட்காட்டுக்கும் கதவுக்கும் நடுவில், மேல் பக்கம் அகலமாகும். பாடி தொய்ந்திருந்தால் அப்படி இல்லை. கதவும் மட்காட்டும் ஒரே முன் தூணைத்தான் பிடித்திருக்கின்றன, இரண்டும் சேர்ந்தே சாயும். முன் இடைவெளி ஒரே சீராக இருக்கும், பின் இடைவெளி மட்டும் ஆப்பு மாதிரி மேலே ஒடுங்கும். என் காரில் முன்பக்கம் ஆறு அட்டை மேலிருந்து கீழ்வரை வழுக்கிக்கொண்டு போனது. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அப்புறம் தூக்கிப் பார்க்கிற சோதனை. கதவைப் பாதி திறந்து, பின் ஓரத்தை இரண்டு கையாலும் மேலே தூக்குங்கள். இன்னொருவர் பிணைச்சலைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பிணைச்சல் ஊசியில் ஆட்டம் தெரிந்தால் ஊசியை மாற்ற வேண்டும், ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தால் கடைசல்காரரிடம் கொடுத்து வட்டமாக்கிப் பெரிய ஊசி போட வேண்டும். பிணைச்சல் அசையாமல் தூணின் தகரமே மூச்சு விடுகிற மாதிரி அசைந்தால், தூணின் அடி கறள் தின்று போய்விட்டது. அங்கே பிணைச்சல் மாற்றுவது காசுக்கு நட்டம்.

மூன்றாவது சோதனைதான் தீர்ப்பு. காரின் நடுக் குறுக்குச் சட்டத்தின் முனையில் ஜக் வைக்க இடம் இருக்கிறது. கதவைச் சாத்தி அட்டை வைத்து அளந்துவிட்டு, அந்த இடத்தில் ஜக் வைத்துச் சில்லு தரையை விட்டு எழும்பும் வரை மெதுவாகத் தூக்குங்கள். மறுபடி அளவுங்கள். நல்ல கூட்டில் இடைவெளி அநேகமாக அப்படியே இருக்கும், கதவும் முன்போலவே திறந்து மூடும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் மாறினால், அல்லது கதவு இறுகிக்கொண்டு திறக்க மறுத்தால், கீழ்ப்பெட்டிக்கு உயிர் இல்லை. தூக்கும்போது கறுமுறு என்று சத்தம் கேட்டால் உடனே இறக்குங்கள், ஜக் தரைக்குள்ளேயே ஏறிவிடும். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே தலையை நீட்டவே வேண்டாம்.

என் கார் மூன்றாவது சோதனையில் தோற்றது. வெளித்தகட்டைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே ஏற்கெனவே யாரோ வேலை செய்திருந்தார்கள். பழைய கறளுக்கு மேலே புதுத் தகடு, அதற்கு மேலே ஒரு விரல் தடிப்பில் புட்டி. செய்த கராஜ் எது என்று பிறகு தெரிய வந்தது, பெயர் வேண்டாம். காரின் முன்னும் பின்னும் மட்டும் தாங்கு கொடுத்து நடுவைத் தொங்க விட்டு வெல்டிங் அடித்திருக்கிறார்கள். தொய்வு அப்படியே உறைந்துவிட்டது. இதற்கு நேர்மாறாக நடுவில் ஜக் வைத்து உயர்த்தியபடியே வெல்டிங் செய்த கார்களும் உண்டு. அவற்றில் மேலே அகலமும் கீழே இடிப்பும் தெரியும். ஆக, ஆப்பு எந்தப் பக்கம் ஒடுங்குகிறது என்பதை வைத்தே முன்னம் செய்தவர் காரை எப்படி நிறுத்தியிருந்தார் என்று ஊகித்துவிடலாம்.

சரி, வைத்தியம். கதவுத் திறப்பில் மூலைவிட்டம் இரண்டையும் அளவுங்கள்: முன் தூண் மேலிருந்து நடுத் தூண் அடிவரை, பிறகு மற்றது. வலது பக்கத்து அளவுகளோடு ஒப்பிடுங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் கூடு கோணியிருக்கிறது. இரு பக்கமும் கறள் தின்ற காரில் வலது பக்கமும் சாட்சி சொல்லாது, நல்ல நிலையில் உள்ள இன்னொரு மைனரைத் தேட வேண்டும். எங்கள் நாட்டில் அது பெரிய கஷ்டம் இல்லை. உவர்மலையில் ஒரு வீட்டு வாசலில் நின்ற காரை உரிமையாளரின் அனுமதியோடு அரை மணி நேரம் அளந்தேன். ஐயா தேத்தண்ணியும் தந்தார்.

வெட்டுவதற்கு முதல் கதவுத் திறப்புக்குள் சதுரக் குழாயால் தாங்கு கட்டுங்கள், தூணுக்குத் தூண், மேலும் கீழும். ஒரு தாங்கில் நீள நட்டும் போல்ட்டும் வைத்துக் கூட்டிக் குறைக்கும்படி செய்தால் நல்லது. கார் தன் எடையில், சில்லுகளிலோ அச்சுக்குக் கீழே வைத்த ஸ்டான்டுகளிலோ நிற்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். பழைய கீழ்ப்பெட்டியை விடுவித்த பிறகு போல்ட்டைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி மூலைவிட்டங்களை ஒத்துவர வையுங்கள். ஒரேயடியாகத் தள்ளினால் கூரை ஓரத்தில் பெயின்ட் வெடிக்கும். அது கேட்கக் கூடாத சத்தம்.

வெளியே தெரிகிற தகடு வெறும் மூடிதான். சுமையைத் தாங்குவது அதற்குள்ளே நிமிர்ந்து நிற்கும் பெட்டித் தகடும் தரை ஓரமும். வெளித்தகட்டை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் மலிவாகக் கேட்டால் வேலை கொடுக்காதீர்கள். புதுத் தகடுகளைப் பிடிகருவியால் இறுக்கி, புள்ளி புள்ளியாக ஒட்டவைத்து, தாங்கைக் கழற்றாமல் கதவை மாட்டிச் சாத்திப் பாருங்கள். சரியென்றால் ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் தள்ளி அங்கே என்று மாற்றி மாற்றி வெல்டிங். நீளமாக ஒரே இழுப்பில் அடித்தால் சூடு தகட்டை இழுக்கும், பட்ட பாடெல்லாம் வீண்.

பின் ஸ்பிரிங் பிடிக்கிற இடங்களிலும் கறள் இருந்தால் பெற்றோல் டாங்கியைக் கழற்றி வளவுக்கு வெளியே வைத்த பிறகுதான் நெருப்பு. டாங்கி டிக்கித் தரைக்குக் கீழே அந்த வேலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பற்றரி வயரையும் கழற்றுங்கள்.

இன்னொன்று. வெறும் தகரத்தை இரவில் விட்டுவைக்க வேண்டாம். மார்கழி வாடையில் நான் ஒரே ஓர் இரவு விட்டேன், காலையில் தகட்டில் தேயிலைச் சாயம் ஊற்றின மாதிரி இருந்தது.

அறிகுறி: இடைவெளி சரி, ஆனால் கதவு வெளியே துருத்துகிறது

முதலில் கதவோரத்தில் ஓடும் புது ரப்பர் பீடிங்கைக் கழற்றிவிட்டுச் சாத்திப் பாருங்கள். பாதிக் கேஸ் இங்கேயே முடிந்துவிடும். கடையில் கிடைக்கிற பீடிங் பழையதைவிடத் தடிப்பாகவும் கடினமாகவும் இருக்கும். மெல்லியது தேடுங்கள். இல்லையென்றால் கதவை இரண்டு வாரம் சாத்தியே வைத்து அது படிகிறதா என்று பாருங்கள்.

பீடிங் இல்லாமலும் துருத்தினால் நடுத் தூணில் உள்ள பூட்டுத் தட்டின் திருகாணிகளை இளக்கி உள்ளே நகர்த்த வேண்டும். பூட்டுத் தட்டால் கதவைத் தூக்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். தட்டு கதவைப் பிடிக்க மட்டும்தான், சுமக்க அல்ல. தட்டில் ஏறித்தான் கதவு மட்டத்துக்கு வருகிறது என்றால் பிழை பிணைச்சலில்.

மேல் மூலை உள்ளே, கீழ் மூலை வெளியே என்றால் கதவே முறுகியிருக்கிறது. துருத்தாத மூலையில், அதாவது மேலே, கதவுக்கும் தூணுக்கும் நடுவில் துணி சுற்றிய மரத்துண்டை வைத்து, கீழ் மூலையை முழங்காலால் அமுக்குங்கள். கொஞ்சம் அமுக்கி, திறந்து பார்த்து, மறுபடி கொஞ்சம். முதல் தடவை செய்யும்போது நெஞ்சு படபடக்கும். கதவு முறிகிற சத்தம் மாதிரி ஒன்று வரும், முறியாது. கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கிவிட்டுச் செய்யுங்கள்.

அறிகுறி: மட்காட் கதவோடு சேரவில்லை

வரிசை தப்பியிருக்கும். நாலு கதவு மைனரில் பின்னிருந்து முன்னால் வர வேண்டும். பின் கதவைப் பாடியின் நகராத பின் பக்கத்துக்குப் பொருத்தி, முன் கதவைப் பின் கதவுக்குப் பொருத்தி, மட்காட்டை முன் கதவுக்குப் பொருத்தி, கடைசியாகப் பொனட். மட்காட்டில் இருந்து தொடங்கினவர்கள் எல்லாரும் பின் கதவில் வந்து அழுவார்கள்.

மட்காட் போல்ட்டால் பூட்டப்பட்டது, அது ஒரு வரம். எல்லாப் போல்ட்டையும் விரலால் மட்டும் பூட்டி, கதவு ஓரத்தில் ஆறு அட்டையைச் செருகி, அதற்கு முட்ட மட்காட்டைப் பின்னால் தள்ளி, மேலிருந்து கீழாக இறுக்குங்கள். ஓட்டை ஒத்துவராவிட்டால் மட்காட்டின் ஓட்டையை அரத்தால் நீட்டுங்கள், பாடியின் ஓட்டையில் கை வைக்க வேண்டாம். பெரிய வாசர் போட்டால் மூடிவிடும்.

மறுஉற்பத்தித் தகடுகள் பற்றி ஒரு வார்த்தை. 1990களில் மைனருக்கான பாடித் தகடுகளை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஆனாலும் யார் செய்த தகடாக இருந்தாலும் பெயின்ட் அடிக்க முதல் ஒரு தடவை முழுக்கப் பூட்டிப் பார்க்காமல் இருக்கக்கூடாது. ஓரம் குறைந்தால் மெல்லிய வெல்டிங் கம்பியை ஓரத்தோடு உருக்கிச் சேர்த்து அரத்தால் ராவுங்கள். புட்டியால் ஓரம் வளர்த்தால் கதவை ஒரு தடவை கோபத்தில் அடித்துச் சாத்தும்போது நிலத்தில் கிடக்கும்.

பின் மட்காட்டுக்கும் பாடிக்கும் நடுவில் பைப்பிங் என்கிற மெல்லிய பட்டை ஓடுகிறது. அது சிறு குறையை மறைக்கும், அவ்வளவுதான் அதைப் பற்றி. பைப்பிங்கை வைத்த பிறகு ஒரே சீராக இறுக்குங்கள், ஒரு முனையை முதலில் இறுக்கினால் மறு முனையில் சுருங்கும்.

அறிகுறி: பொனட் ஒரு பக்கம் இடிக்கிறது, அல்லது பின் மூலை தூக்கி நிற்கிறது

இசிகோனிஸ், மைனரின் மாதிரிக் காரை நடுவால் பிளந்து நாலு அங்குலம் அகலமாக்கிய கதை பலருக்குத் தெரியும். பொனட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அதன் அடையாளம். அந்தப் பட்டையே உங்களுக்கு அளவுகோலும். பட்டையின் நடுக்கோட்டில் இருந்து இரண்டு மட்காட் ஓரங்களுக்கும் மூன்று இடங்களில் அளந்தால் பொனட் தள்ளியிருக்கிறதா, மட்காட் தள்ளியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பொனட் மட்டும் தள்ளியிருந்தால் பின்னால் பிணைச்சல் போல்ட்டுகளை இளக்கி நகர்த்தலாம். ஒரு பின் மூலை மட்டும் தூக்கி நின்றால் யாரோ பொனட்டைத் திறந்தபடி காற்றில் விட்டிருக்கிறார்கள், பிணைச்சல் வளைந்திருக்கும். ஆடி மாதக் கச்சான் காற்றில் இது நடக்க ஒரு நிமிடம் போதும். கழற்றி, நல்ல பக்கத்தோடு ஒப்பிட்டு, வைஸில் இறுக்கி நிமிர்த்துங்கள். முன்பக்கம் உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றால் பூட்டு ஊசியின் உயரத்தையும் ரப்பர் தாங்குகளையும் பாருங்கள், அது பத்து நிமிட வேலை.

முன்பக்கம் ஒரு பக்கம் ஒடுக்கம், பின்பக்கம் மறு பக்கம் ஒடுக்கம் என்றால்தான் பயப்பட வேண்டும். எஞ்சின் அறையில் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால் கார் எப்போதோ அடிபட்டிருக்கிறது, முன் சட்டங்கள் வளைந்திருக்கின்றன. அதை இழுத்து நிமிர்த்த வசதியுள்ள கராஜுக்குத்தான் கொண்டு போக வேண்டும். வளவுக்குள் தென்னை மரத்தில் சங்கிலி கட்டி இழுத்த ஒருவரை எனக்குத் தெரியும். தென்னை சாய்ந்தது, கார் அப்படியே இருந்தது.

அறிகுறி: ட்ரவலரின் பின் கதவுகள் மழைக்கு இறுகி வெயிலுக்கு ஆடுகின்றன

மரச்சட்டம் உள்ள மைனர் ட்ரவலரில் அந்த மரம் அலங்காரம் இல்லை, பின் கூரையைச் சுமப்பது அதுதான். மழைக்கு இறுகினால் சீவித் தள்ளாதீர்கள், வெயிலுக்கு இடைவெளி விழும். சட்டத்தின் அடி மூட்டுகளைப் பேனாக்கத்தியால் குத்திப் பாருங்கள். கத்தி இறங்கினால் டிங்கர் பாஸை விட்டுவிட்டு ஒரு நல்ல ஓடாவியைத் தேடுங்கள். படகு வேலை தெரிந்தவராக இருந்தால் மூட்டு வேலையை விளக்கத் தேவையில்லை.

அறிகுறி: எல்லாம் சரியாக வந்தது, ஓடிய பிறகு மாறிவிட்டது

புது ஊசி, புது பீடிங், புதுப் போல்ட் எல்லாம் கொஞ்சம் அமரும். நான் நிலாவெளிப் பக்கமும் கன்னியாப் பக்கமுமாக 200 கிலோமீட்டர் ஓடிவிட்டு மட்காட் போல்ட்டுகளை மறுபடி இறுக்கினேன், பிணைச்சல் திருகாணிகளில் இரண்டு தலா அரைச் சுற்று எடுத்தன. கொப்பியில் உள்ள எட்டு இடங்களையும் மறுபடி அட்டை போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் போனால் ஜக் சோதனைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

என் காரில் இடது பின் கதவின் மேல் மூலையில் மட்டும் இன்னும் எட்டு அட்டை போகிறது. பாஸிடம் காட்டினேன். கதவை ஒரு தடவை திறந்து சாத்தினார், "டக்" என்று மூடியது. "இதில கை வைச்சீங்களெண்டா நான் இனி வரமாட்டன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.